அந்தச் சொல்லைச் சொல்லாதவர்

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் நான் எழுத்தராக இருந்தபோது, எங்கள் டிரைவர் ஒருவரின் தகப்பனார் தினமும் காலை பத்து மணிக்கு வந்து நிற்பார். பம்பாய்க்குப் போன மகனிடமிருந்து ஒன்பது நாளாகச் சேதி வரவில்லை. ஒல்லியான மனிதர். துண்டின் நுனியை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடியும் சுற்றுவார்.

"இல்லை" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் அரிசி தீர்ந்தாலும் "நிறைஞ்சு போச்சு" என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் இல்லாமலே போய்விடுமாம். அந்தப் பயத்தை அவர் வீட்டுக்கு வெளியிலும் சுமந்து திரிந்தார்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. வண்டி ரோட்டோரம் நிற்கிறது, சாவி அதிலேயே இருக்கிறது, ஆளைக் காணோம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உளறிவிட்டேன்.

"வண்டி இருக்குதுங்க. உங்க பையன்தான் இல்லீங்க."

துண்டு சுற்றிய விரல் நின்றது.

"அந்த வார்த்தைய ஆரைப் பத்திச் சொன்னீங்க?"

"உங்க பையனைப் பத்திங்க."

"அப்ப, அதைச் சொல்றதுக்கே அவன்னு ஒருத்தன் இருக்கோணும்தானுங்களே, சாமி?"

அந்த நியாயத்தில் எங்கோ ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைத் தேடிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வாரேனுங்க" என்று போனவர், மறுநாளும் பத்து மணிக்கு வந்துவிட்டார்.

"சேதி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

சேதிதானே வரவில்லை, "இல்லீங்க" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் பக்கவாட்டில் ஆட்டினேன்.