சூடு ஏறினால் சொல்ல வேண்டும்

நான் பார்க்கிற வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கிற டிக்கெட் மெஷினுக்கு நிரல் எழுதுகிறேன். மெஷினின் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அதற்குள் இருந்துகொண்டு சூட்டையும் பேட்டரியையும் கவனிக்கிற சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது என் பொறுப்பு. சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் அது மெஷினை மெதுவாக ஓடச் சொல்லும், திரை வெளிச்சத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காமல் இரண்டாவது எல்லையைத் தொட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எரிந்து போவதைவிட நின்று போவது மேல். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அம்மா இன்னும் முழுதாக நம்பவில்லை.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். அம்மாவும்தான். வலை கிடையாது, படகு கிடையாது. கடலோடு சேர்ந்த ஏரி என்பதால் தினமும் தண்ணீர் ஏறி வற்றும். வற்றுகிற நேரம் பார்த்து இறங்கி, முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். அகப்படுகிற இறாலைப் போட ஒரு ஓலைப்பை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பையைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். அதனால் எத்தனை பேர் வரிசையாகப் போனாலும் தண்ணீருக்குள் பேச்சே இருக்காது. எங்கள் சனம் வாயை மூடிக்கொண்டிருக்கிற இடம் அது ஒன்றுதான். பழகாத பிள்ளைகள் பையைத் தவறவிடுவார்கள். பெரியவர் ஒருவர் விட்டால் ஊர் அதை ஒரு வருஷம் பேசும்.

போன கத்திரி வெயிலில் நைனா தண்ணீருக்குள் மயங்கி விழுந்தார். தலை சுற்றுவது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் பை போய்விடும். அதனால் கூப்பிடவில்லை. பக்கத்தில் போன அம்மா தற்செயலாகத் திரும்பியபோது அவர் முகம் தண்ணீருக்குள் கிடந்தது. தூக்கி வந்து கரையில் போட்டபோதும் பை பல்லில்தான் இருந்தது. ஊரில் அதைப் பெருமையாகப் பேசினார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை.

உச்சி வெயிலில் ஏரியில் இறங்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நைனா தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் ஒரு குறையும் வைக்க மாட்டார். தண்ணீர் உச்சி வெயிலில் வற்றினால் உச்சி வெயிலில்தானே இறங்க முடியும், அதற்கு டாக்டர் என்ன செய்வார் என்று திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே கேட்டார். உடம்பு தேறியதும் இறங்கிவிட்டார்.

நான் படித்த படிப்புக்குத் தகுந்தபடி யோசித்தேன். உடம்புச் சூட்டையும் நாடித் துடிப்பையும் பார்த்து அலறுகிற கைப்பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தண்ணீரில் கெடாது என்று சொல்லியும் கொடுத்தேன். கட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். கரைக்குப் போனதும், உப்புத் தண்ணீரில் பாழாகிவிடும் என்று கழற்றி, துணியில் சுற்றி, செருப்புக்குள் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். வேலிக்காத்தான் மர நிழலில் கைப்பட்டை சௌக்கியமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் டீம் லீடோடு எனக்குத் தகராறு. மெஷின் வெயிலில் சீக்கிரமே மெதுவாகிவிடுகிறது, கண்டக்டர்கள் திட்டுகிறார்கள், முதல் எல்லையைக் கொஞ்சம் தூக்கு என்று போனில் சொன்னார். தூக்கினால் இரண்டு எல்லைக்கும் நடுவே இடமே இருக்காது, மெஷின் திடீரென்று நிற்கும் என்றேன். அப்படியே தூக்கினாலும், நிற்பதற்கு முன்னால் மேலே டிக்கெட் அடிக்கிற நிரலுக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டும், அதை நான் எழுதுகிறேன் என்றேன். சேதியெல்லாம் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நைனா, அந்த ஆள் சொல்வது நியாயம்தானே, சூடானதற்கெல்லாம் வேலையைக் குறைத்தால் பிழைப்பு எப்படி ஓடும் என்றார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் சீக்கிரமே சம்பந்தி ஆகிவிடுவார்கள்.

கடைசியில் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். அவள் சுண்ணாம்புக்குளத்துக்காரி, சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். தலை சுற்றினால் பையை விட்டுவிடு, பை மிதந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"செத்தாலும் பைய உட மாட்டேன்மே," என்றார் நைனா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் இல்லாமல் முன்னறையில் உட்கார முடியவில்லை, வாசலில் வெயில் கொளுத்தியது. சூட்டுப் பரிசோதனைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டீம் லீட் சொன்னபடி முதல் எல்லையைத் தூக்கி, மெஷினை வாசல் வெயிலில் வைத்து, நிறுத்தாமல் டிக்கெட் அடிக்க விட்டேன். ஏரிக்குப் போக நேரமிருந்ததால் நைனா பக்கத்தில் வந்து குந்தி, வருகிற டிக்கெட்டுகளைக் கிழித்து அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் பொன்னேரி டிக்கெட். கொஞ்ச நேரத்தில், பாதி டிக்கெட் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, திரை இருண்டு போனது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, சொல்லாம கொள்ளாம நின்னுடுச்சு?"

"சூடு தாங்கல நைனா. சொல்லத் தெரியல அதுக்கு. உன்ன மாதிரிதான்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவர் அந்தப் பாதி டிக்கெட்டையும் கிழித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பரிசோதனை விவரத்தையும் பாதி டிக்கெட்டின் படத்தையும் டீம் லீடுக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்ததும் எல்லையை இறக்கவும் சேதியை எழுதவும் ஒத்துக்கொண்டார். நிற்பதற்குச் சற்று முன்னால், இனி முடியாது, கையில் இருப்பதைப் பத்திரப்படுத்து என்று மேலே ஒரு வரி போகும். எழுத எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெஷின் நம் பேச்சைக் கேட்கும்.

அந்த வாரமே தண்ணீர் மறுபடி உச்சி வெயிலில் வற்றியது. நைனா இறங்கினார். என்னால் வேலையில் உட்கார முடியவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டுக் கரையில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வரிசையாக முதுகுகள்தான் தெரிந்தன. எது நைனா என்று தெரியவில்லை. எல்லா முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று வரிசை கலைந்தது. அம்மா எழுந்து ஓடினாள். தண்ணீரில் ஓட முடியாது, ஆனாலும் ஓடினாள். ஓலைப்பை ஒன்று அவளைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தது. தன் பையையும் துப்பிவிட்டு அவள் கத்தினாள். ஏரிக்குள் அவள் குரலை அன்றுதான் கேட்டேன். நைனா முட்டி போட்டபடியே ஆடிக்கொண்டிருந்தார். முகம் தண்ணீரைத் தொடுவதற்குள் அம்மா பிடித்துவிட்டாள்.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து நிழலில் போட்டு, ஈரத்துண்டால் போர்த்தி, தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்ததும், பையை யாராவது எடுத்தார்களா என்றுதான் கேட்டார். யாரும் எடுக்கவில்லை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பை போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து, போனால் போகட்டும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போதும் ஏரியில் இறங்குகிறார். தலை கிறுகிறுத்தால் பையை விட்டுவிடுகிறார். ஊர் பேசத்தான் செய்கிறது. அவரும் சும்மா இருப்பதில்லை, அன்றைக்குப் போன இறாலைப் பற்றி யார் கிடைத்தாலும் சொல்கிறார். முதலில் ஒரு கிலோ என்றார். ஆடி வந்தபோது இரண்டு கிலோ ஆனது. இப்போது மூன்று, அதில் பாதி புலி இறால். அந்தப் பையில் அவ்வளவு கொள்ளாது என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் திருத்துவதில்லை. உயிரோடு இருந்து சொல்லட்டும்.