பச்சைத் துணி கட்டிய கோணி

செல்லி வென்றவை இவை: பன்னிரண்டு வயதில் ஆளைச் சாய்க்கப் பார்த்த மஞ்சள் காமாலை, சித்தேரி மலையை விட்டு இறங்கி வந்து அரூரில் பிடித்த வாடகை வீடு, பழைய இரும்புக் கடையில் ஆண்களுக்குக் கொடுக்கிற அதே கூலி, கட்டியவன் விட்டுப்போன பிறகும் நிற்காத இரண்டு மகள்களின் படிப்பு. கடைசியாக, படித்தவர்கள் கூடி நின்று அவள் தலையில் கட்டப் பார்த்த ஒரு திருட்டு.

கடை முதலாளி மாதேஸ்வரனுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். ஆயுத பூஜை அன்று சரக்கில் ஓர் ஈயக் குடுவை அவர் கண்ணில் பட்டது. பெரிய சொம்பு அளவுதான்; தூக்கினால் மூச்சுத் திணறும். உள்ளே என்ன என்று யோசிக்காமல், ராசியான பொருள் என்று முடிவு கட்டினார். சோப்புத் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தின் மிச்சத்தையும் சுரண்டி எறிந்தார். சந்தனம், குங்குமம் வைத்து, தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பூரம் காட்டினார்.

கோணிகளையும் துவைக்கச் சொன்னார். செல்லி துவைக்கவில்லை. சரக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவர் கோணிக்கும் பழைய புடவையில் ஒரு நிறம் கிழித்துக் கட்டுவது அவள் வழக்கம். இண்டூர்க்காரருக்குச் சிவப்பு, மலைக்காரர்களுக்கு நீலம். துணியை அவிழ்த்துத் துவைத்தால் எது யாருடையது என்று தெரியாமல் போகும். பூஜைக்குக் குறை வைக்கிறாள் என்று முதலாளி முணுமுணுத்தார்.

பூஜை முடிந்த ஏழாம் நாள் குடுவை லாரி ஏறியது. உருக்காலை வாசலில் இருந்த கருவி அலறியது. குடுவைக்குள் கதிர்வீச்சுப் பொருள். நல்லவேளை, மூடி திறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கதிர்வீச்சுத் தடயங்களை ஆராயும் ஒரு குழு வந்து கடையைச் சுற்றிக் கயிறு கட்டியது. முதலில் கதிர்வீச்சை அளக்க வேண்டும், பிறகு படம், அதன் பிறகுதான் தூசியும் நூலிழையும் எடுப்போம், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார் குழுத் தலைவி நிர்மலாதேவி. கூட வந்த அதிகாரிகள் கயிற்றைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுத்தார்கள். பொருள் எங்கிருந்து, யார் கை வழியாக வந்தது என்று அதன் மேல் படிந்த தூசி சொல்லுமாம். குடுவையில் தூசி ஏது? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக் கிடைத்தது மாதேஸ்வரனின் பக்தி மட்டும்தான்.

யார் கொண்டுவந்தது என்று கேட்டதும் மாதேஸ்வரன் விரல் செல்லியைக் காட்டியது.

"அவதாங்க சரக்கு வாங்கிப் போடறவ. எங்கிருந்து தூக்கியாந்தாளோ, எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

திருட்டு என்று எழுத ஒரு காவலர் பேனாவையே திறந்துவிட்டார். எழுதிவிட்டால் வேலை போகும், வீடு போகும், மகள்கள் படிப்பும் நிற்கும்.

"இரும்பு பொறுக்கற சவுரியப்பன் கொண்டாந்ததுங்க," என்றாள் செல்லி. "பச்சைத் துணி. அவன் கோணி கடைக்குப் பின்னாடி ஆணியில தொங்குது."

"எழுத்து தெரியாது, கலரு மட்டும் தெரியுதாக்கும்?" என்று காவலர் சிரித்தார்.

"கலர் பாக்கறதுக்குக் கண்ணு போதுங்க சார்."

நிர்மலாதேவி சிரிக்கவில்லை. கோணியை அளந்து, படம் எடுத்து, கையுறையோடு இறக்கினார். துவைக்காத அந்தக் கோணியின் அடியில் சாம்பல் நிற மண் இருந்தது. மண்ணுக்குள் மஞ்சள் காகிதத்தின் கிழிந்த பாதி. அதில் குடுவையின் பதிவெண்ணில் ஐந்து இலக்கங்கள். மதியத்துக்குள் சவுரியப்பனும் வந்து, மூடிக் கிடந்த எந்த ஆலையின் மதிலோரம் அதைப் பொறுக்கினான் என்று சொல்லிவிட்டான். காவலர் பேனாவை மூடினார். மாதேஸ்வரன் தராசைத் துடைக்கப் போனார்.

கோணியை ஒப்படைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் நிர்மலாதேவி. காவலர் கைநாட்டு மைப்பெட்டியை நீட்டினார். செல்லி பேனாவைக் கேட்டாள். செங்கம் பஸ் பலகையின் முதல் எழுத்து, நாமக்கல் பஸ்ஸின் கடைசி எழுத்து, எப்போதாவது வரும் நெய்வேலி பஸ்ஸின் கடைசி எழுத்து. அரூர் பஸ் நிலையத்தில் காத்து நின்ற வருடங்களில் அவளாகவே பார்த்து வைத்துக்கொண்டவை. மூன்றையும் வரிசையாக எழுதினாள்.

தேதி: 9.10.2025.