முன் அனுபவம்: இல்லை

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்துப் பெரியவள் வேலை தேடத் தொடங்கினாள். வயது முப்பத்தாறு.

கல்லூரியில் கடைசித் தேர்வு எழுதிய மாதமே அப்பாவைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். "யாராவது ஒருத்தர் கூடவே இருந்தாகணும்" என்று மருத்துவர் சொன்னதும் உறவினர் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்படியே பதினாலு வருடம் ஓடிவிட்டது.

இப்போது அப்பா கிடந்த அறையில் தம்பி மகளின் படிப்பு மேசையைப் போட்டிருந்தார்கள். பெரியவளின் பாயும் தலையணையும் கூடத்துக்கு வந்துவிட்டன. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண் பயோடேட்டாவும் அடித்துக் கொடுப்பாள்.

"முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"எங்கயும் இல்ல. வீட்லதான் இருந்தேன்."

கடைக்காரி 'முன் அனுபவம்: இல்லை' என்று அடித்தாள். பாதிப் பக்கம்கூட நிறையவில்லை. "எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிடறேன். பொழுதுபோக்கு என்ன போடட்டும்?"

பெரியவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "தூங்கறதைப் போடலாமா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரி 'புத்தகம் வாசித்தல்' என்று போட்டாள்.

ஆறு இடங்களில் கொடுத்ததில் ஒரே இடத்திலிருந்து அழைப்பு வந்தது. வரவேற்பு மேசையில் உட்கார ஆள் தேடிய அலுவலகம் அது. மேலாளர் அந்த ஒற்றைத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பதினாலு வருஷம் சும்மாவா இருந்தீங்க?"

"ஆமா சார்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நடந்ததைக் கேட்ட தம்பி தன்னால் ஆனதைச் சொன்னான். "என் ஃப்ரெண்டு கடை லெட்டர் ஒண்ணு வாங்கித் தரேன்க்கா. அங்க மூணு வருஷம் பில் போட்டதா எழுதிக்கலாம்."

"பாத்த வேலையை மறைச்சிட்டு, பாக்காத வேலையைச் சொல்லணுமா?"

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே."

"நீ காலேஜ் போன, வேலைக்குப் போன, கல்யாணமும் பண்ணிக்கிட்ட. அவ்வளவு நாளும் நான் அந்த ரூம்ல இருந்தேன்டா."

சமையலறையில் தம்பி மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு அசையாமல் நின்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பெரியவள் போய் நின்றாள். "அந்த 'இல்லை'யை எடுத்துருங்க. நான் சொல்றதை அடிங்க. பதினாலு வருஷம், படுத்த படுக்கையா இருந்த நோயாளியைப் பாத்துக்கிட்டது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கிறது. டியூப்ல சாப்பாடு. சர்க்கரை பாத்து ஊசி போடறது. முதுகுல ஒரு புண்ணு வந்ததில்ல."

"அதையும் போடவா?"

"போடுங்க."

இந்தத் தடவை இரண்டாம் பக்கம் வேண்டியிருந்தது.

அதைப் பிரதி எடுத்துச் சில இடங்களில் கொடுத்தாள். நாலாம் நாள் அழைப்பு வந்தது. வீடுகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம். பெரியவள் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை. பயோடேட்டா யாரிடமிருந்தோ கை மாறிப் போயிருக்கிறது. பொறுப்பாளர் அம்மாள் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நாளைக்கே வர முடியுமா?"

நாற்காலி, மேசை, வந்து போகும் மனிதர்கள் என்று ஏதேதோ நினைத்திருந்தாள். மறுபடியும் ஒரு கட்டிலருகே நிற்பதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"இங்க ஆபீஸ்லயே, போன் எடுக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குமா?"

"அதுக்கு உங்களுக்கு அனுபவம் இல்லையேம்மா."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பெரியவள் மேசையில் கிடந்த இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள். பகல் நேரம் மட்டும் என்றால் வருகிறேன் என்றாள்.

முதல் வீட்டில் இடுப்பெலும்பு முறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போய்விட்டாள். அறைக்குள்ளிருந்து டெட்டாலும் பவுடரும் கலந்த வாசனை வந்ததும் பெரியவளின் கால் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"யாரது? புதுசா வந்தவளா?"

"ஆமாங்க."

"பயப்படாம வா. நான் ஒண்ணும் கனமில்ல."

கையைக் கழுவிக்கொண்டு போய்த் தோளுக்கடியில் கை கொடுத்து மெல்ல நிமிர்த்தினாள். ஆசிரியை முனகவில்லை. "முன்னாடி வந்த பொண்ணு இழுப்பா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?" என்று கேட்டாள்.

"வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனை திரும்பியதும் அழுகை வந்தது. ஒரு சுவரோரம் நின்று அழுது முடித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

இன்றும் அவள் அந்த வீட்டுக்குத்தான் போய் வருகிறாள். ஆசிரியை உறங்கும் மதிய நேரத்தில் செய்தித்தாளில் அலுவலக வேலைக்கான ஆள் தேவை விளம்பரங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். இதுவரை மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். எங்கிருந்தும் பதில் வரவில்லை.