பொசிஷன் சொல்ல மிக்கேல் அண்ணாச்சி இல்லை

அன்று காலையில் மருந்துக்கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மிக்கேல் அண்ணாச்சியின் செய்தி வந்தது. அவருடைய மகள் ஜெனிட்டா பேசினாள். "சங்கர் மாமா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாவ" என்றாள். பிறகு அவளே, "இன்னைக்குப் பொசிஷன் வராதுன்னு குரூப்ல சொல்லிருங்க மாமா" என்றாள். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். அப்பாவை அப்படியே உரித்து வைத்த மகள்.

அவரோடு பழகியவர்களுக்கு அது என்ன பொசிஷன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அண்ணாச்சி தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கழித்தவர். தினமும் காலையில் சரக்குக்காரர்களைக் கூப்பிட்டு அவரவர் கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்வது அந்த வேலையின் முதல் கடமை. துறைமுகத்துக்கு வெளியே வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்கிறதா, உள்ளே வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் ஏறிவிட்டாரா, சரக்கு இறக்கும் பெர்த்தில் கட்டியாயிற்றா என்று சொல்ல வேண்டும். அதைத்தான் துறைமுகத்தில் பொசிஷன் என்பார்கள். கப்பல் நகரவில்லை என்றால், நகரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "வரலேன்னு சொல்லுத ஏஜெண்ட எவனும் ஏச மாட்டான். வாய மூடிட்டு இருக்கவனத்தான் ஏசுவான்" என்பது அவர் வாக்கு.

ஓய்வு பெற்றதும் கப்பல்கள் போய்விட்டன, பழக்கம் மட்டும் மிஞ்சியது. அந்தச் சமயத்தில்தான் என் கடைக்கு எதிரே இருந்த பழைய பஞ்சுக் கிட்டங்கியை இடித்துவிட்டு, பதினான்கு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று போர்டு வைத்தார்கள். ஊர் நடுவில் அவ்வளவு உயரத்துக்கு அதுவரை எதுவும் எழும்பியதில்லை. போர்டில் கட்டடத்தைச் சுற்றிப் புல்வெளி இருந்தது. புல்வெளியில் நம் ஊர் ஜாடையே இல்லாத ஒரு குடும்பம், கூடவே ஒரு நாய். அண்ணாச்சி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாயி வந்துருச்சு. இனி கட்டடம் வரணும்" என்றார். மறுநாள் காலை, எங்கள் டீக்கடைக் கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் முதல் பொசிஷன் வந்தது. "கட்டடம் வெளித்துறையில் உள்ளது. அனுமதிக்குக் காத்திருக்கிறது."

எனக்கு இது விளங்கவே இல்லை. அவர் வீடு அந்த இடத்துக்கு மேற்கே அடுத்த தெருவில்தான். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கூரைகளுக்கு மேலே ஒரு கீற்றுக் கடல் தெரியும். கட்டடம் எழும்பினால் அது போய்விடும். நியாயமாகப் பார்த்தால் அவர் கொடி பிடித்திருக்க வேண்டும். அவர் மனைவி பிலோமி அக்காவுக்குத்தான் கோபம். "காத்த அடைக்குத செவத்துக்கு இந்த மனுசன் தெனமும் பூசை வைக்காரு, கேட்டியா தம்பி" என்று மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் என்னிடம் முறையிடுவார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு சங்கு குளித்தவர். கடலடியில் சிப்பி படுத்திருக்கும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். அப்பா மூழ்கிய பார் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. படகில் போனால்தான் அந்த இடத்தைப் பார்க்க முடியும். மகனோ படகில் கால் வைத்த உடனே குடல் வெளியே வந்துவிடும் ஆள். சின்ன வயதில் இரண்டு முறை கூட்டிப்போய், இரண்டு முறையும் பாதி வழியில் படகைத் திருப்பியிருக்கிறார்கள். பரதவர் வீட்டில் பிறந்து, கப்பலை நம்பிப் பிழைத்து, கடலில் மட்டும் போக முடியாத மனிதர்.

"எங்கய்யா மூச்சடக்குன தண்ணிய நான் இன்னும் கண்ணால பாக்கல சங்கரா. பதினாலாவது மாடில நின்னா தெரியும்லா. ஆடாம நிக்குத கப்பல் இது ஒண்ணுதான்."

"அங்கன பாக்க என்ன இருக்கு அண்ணாச்சி? தண்ணிதான இருக்கும்?"

"தண்ணிதான். ஆனா அந்தத் தண்ணி."

அதற்குப் பிறகு நானும் கட்டடத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. கடையில் சில்லறைக்கு நிற்பவர்களிடமே எரிந்து விழுகிறவன். அனுமதி கிடைக்கவே ஒரு மாமாங்கம் ஆனது போலிருந்தது. அது வந்து அஸ்திவாரம் தோண்டினால், உப்புத்தண்ணீர் ஊறிக் குழி நிறைந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணாச்சி குழியை எட்டிப் பார்த்து, "கட்டடம் கடலப் பாக்கும்னு நெனச்சோம். கடலே கட்டடத்தப் பாக்க வந்துருச்சு" என்றார். தண்ணீரை இறைத்து முடித்ததும் கட்டுகிறவர்களுக்குள் பங்காளிச் சண்டை வந்து வேலை நின்றது. வெயிலில் போர்டு வெளுத்தது. ஒருநாள் காலை வந்த பொசிஷனை இன்றும் நினைத்துச் சிரிக்கிறோம். "கட்டடத்தில் மாற்றமில்லை. நாய் மறைந்துவிட்டது. குடும்பம் நலம்."

சண்டை தீர்ந்து வேலை மறுபடி தொடங்கியபோது இன்ஜினியராக வந்தவர் காயல்பட்டினத்து ஹாஜா. வளைகுடாவில் பெரிய பெரிய கட்டடங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர். டீக்கடையில் முதல் அறிமுகத்திலேயே, "துபாயில நாங்க தூங்கி எந்திரிக்கதுக்குள்ள ஒரு மாடி ஏறிரும் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே காட்டாமல், "அப்ப இங்கனயும் கொஞ்சம் படுத்துத் தூங்கு தம்பி. ஏறட்டும்" என்றார். அன்று முதல் இருவரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். எப்போது முடியும் என்று கேட்டால் ஹாஜா, "இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்" என்பார். "ஒன் அல்லாவும் எங்க மாதாவும் ஒத்துக்கிட்டாச்சு. சிமெண்டு லாரிக்காரன் ஒத்துக்கிடணும்லா" என்பார் அண்ணாச்சி.

கிரேன் விஷயத்தைச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது. கீழ்த்தளங்கள் முடிந்த பிறகு, மேலே கட்டுவதற்குப் பெரிய கிரேன் ஒன்று சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று வரும் நாளை வரும் என்று மாதக்கணக்கில் இழுத்தது. "கிரேன் எங்கே என்று தெரியவில்லை" என்றே தினமும் பொசிஷன். ஒரு மத்தியானம், இரும்புச் சட்டங்களை ஏற்றிய நீளமான டிரெய்லர் லாரி எங்கள் முக்குக்கு வந்து திணறி நின்றது. டிரைவர் வெளியூர்க்காரர். தலையை நீட்டி ஏதோ கேட்க வாயைத் திறந்தார். டீக்கடை வாசலில் நின்ற அண்ணாச்சி அவரை முடிக்க விடவில்லை. ஆயுள் முழுக்க வழி தப்பி ஊருக்குள் வந்த லாரிகளைத் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்ட கை அல்லவா? அது தானாக உயர்ந்துவிட்டது. "இம்மாம் பெரிய வண்டிய ஊருக்குள்ள கொண்டாந்திருக்கியே. திருப்பு. நேராப் போயி ஹார்பர் ரோட்டப் பிடி" என்றார். அதோடு விடவில்லை. நடுரோட்டில் இறங்கி, ஆட்டோக்களை நிறுத்தி, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லி, வியர்க்க விறுவிறுக்க அந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "நான் மட்டும் இல்லன்னா இன்னைக்கு ஊரே நின்னுருக்கும்ல" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் ஹாஜா ஓடி வந்தார். "அண்ணாச்சி, இங்கன கிரேன் வண்டி எதும் வந்துச்சா? காலையிலயே மதுர தாண்டிட்டாம்னு சொன்னாவ. டிரைவரு போன எடுக்க மாட்டேங்கான்."

அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. "வந்துச்சு" என்றார்.

"எங்க நிக்கி?"

"ஹார்பர்ல."

என் ஸ்கூட்டரின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிக் கேட்டுக்கொண்டே நடந்தார். கடைசியில் கண்டுபிடித்தபோது, டிரைவர் லாரியின் நிழலில் அடுப்பை மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் சொன்னபடி வந்துவிட்டோம், நம் முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்ற நிம்மதி அவர் முகத்தில். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டு, சோறு வேகும்வரை காத்திருந்து, அதில் ஒரு வாய் சாப்பிட்டும்விட்டு, கேபினில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் பொசிஷனை அவர் மறைக்கவில்லை. "கிரேன் வந்து சேர்ந்தது. துறைமுகம் சென்று திரும்பியதால் தாமதம். தவறு ஏஜெண்டுடையது." அதற்குப் பிறகு யார் வழி கேட்டாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு முதலில், "எங்கன போணும்?" என்று கேட்பார். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களிடமும் கேட்பார்.

கிரேன் வந்த பிறகு கட்டடம் மளமளவென்று ஏறியது. பதினான்காவது தளம் வரை கான்கிரீட் போட்டாயிற்று, லிஃப்ட்தான் பாக்கி. சாமான் ஏற்றும் கூண்டில் வெளியாளை ஏற்ற ஹாஜா சம்மதிக்கவில்லை. அண்ணாச்சியின் முழங்காலோ என் கடை மாத்திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவர், "முடிஞ்ச மட்டும் ஏறுவோம்" என்று கிளம்பிவிட்டார். தலையில் மஞ்சள் தொப்பி, முன்னால் ஹாஜா, பின்னால் நான். ஐந்தாவது மாடியில் முழங்கால் நின்றுவிட்டது. ஓரத்துக்கு வந்து பார்த்தார். துறைமுகமும் அதை ஒட்டிய தீவும், வெளித்துறையில் காத்திருக்கும் கப்பல்களும் தெரிந்தன. அதற்கு அப்பால் வெறும் வெயில் மூட்டம். பார் இன்னும் அந்தப் பக்கம் என்று ஹாஜா கை காட்டினார். அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார். "இது போதும்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு இது போதும்" என்றார்.

பிறகு மேற்குப் பக்கம் நடந்து தம் வீட்டைத் தேடினார். மொட்டைமாடியில் பிலோமி அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். உடனே போன் போட்டார். "ஏளா, மேல பாரு." "எனக்கு வேல கெடக்கு" என்று அக்கா சொன்னது எங்களுக்கும் கேட்டது. ஆனால் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த ஈரச் சேலையை ஒரு உதறு உதறினார். அண்ணாச்சிக்கு வந்த சிரிப்பில் தொப்பி நழுவியது. இறங்கி வரும் வழியெல்லாம், லிஃப்ட் ஓடினால் முதல் சவாரி அவருக்கு என்று ஹாஜா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் போவதற்கு முந்தின நாள் போட்ட பொசிஷன் என் போனில் இருக்கிறது. "கட்டடம் பெர்த்தில் கட்டியாயிற்று. லிஃப்ட் வெளித்துறையில்." அடக்கத்தன்று கோவில் வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது, லிஃப்ட் வந்துவிட்டதா என்றுதான். எனக்கு அந்த லிஃப்ட் கம்பெனிக்காரனைப் பிடித்து நாலு அறை அறையலாம் போலிருந்தது. அண்ணாச்சி இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு டீ சொல்லியிருப்பார்.

போன வாரம் எங்கள் முக்கில் ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய பெட்டிகள். டிரைவர் தலையை நீட்டினார். இந்த ஊரில் இருந்த தோஷம், என் கையும் துறைமுகப் பக்கம் எழும்பப் பார்த்தது. இழுத்துக் கட்டிக்கொண்டேன். "எங்கன போணும் தம்பி?" என்று கேட்டேன். எதிர்த்தாற்போல் இருக்கும் கட்டடத்தின் பெயரைச் சொன்னார். அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். பொறுமை என்று பெரிய வார்த்தையெல்லாம் எனக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிகிறது. மறுநாளிலிருந்து பொசிஷனும் நானே போடுகிறேன்.

நேற்று பிலோமி அக்கா மாத்திரை வாங்க வந்தார். லிஃப்ட் பூட்டும் வேலை நடப்பதைச் சொன்னேன். கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கமான வசவு வரும் என்று காத்திருந்தேன்.

"கல்லறத் திருநாளுக்கு முன்ன அது ஓடிருமா தம்பி?" என்று கேட்டார்.

"ஓடிரும்னுதான் ஹாஜா சொல்லுதாரு. எதுக்குக்கா?"

"உச்சிக்குப் போயி அந்தத் தண்ணிய நான் பாக்கணும். பாத்துட்டு வந்தாத்தான கல்லறையில அவியகிட்ட பொசிஷன் சொல்ல முடியும்."