ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்த பனிக்கடல்

கடல் பக்கமே போகாமல், கடலில் நிற்கும் தூண்களுக்கு நல்லது கெட்டது சொல்லும் தொழில் ஒன்று இருக்கிறது; அதைச் செய்கிறவர்களில் ஒருவர்கூடக் கப்பலில் வாந்தி எடுத்ததில்லை என்பதுதான் அதன் ஒரே பெருமை. தெரியாத விஷயத்தில் தெரிந்தவரைப் போலக் கருத்துச் சொல்லிப் பிழைக்கும் சக அவதிக்காரர்களே, இது உங்களுக்காக.

பார்க்காதவர் தேவை

ரங்கூனில் ஒரு பர்மிய நாளிதழில் பல வருஷம் பிழை பார்த்தேன். பத்திரிகை நின்றது. பிழைகள் நிற்கவில்லை, பார்க்கத்தான் ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. அப்போதுதான் கோ மின்னின் அலுவலகத்துக்குப் போனேன். லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி. என் மகன் வயதுள்ள அவர், நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து வேலையை விளக்கினார்.

வடக்கே ஒரு குளிர்க்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் கடலின் மேல்பரப்பு உறைகிறது. காற்றும் நீரோட்டமும் அந்தப் பனிப்பாளங்களை நகர்த்துகின்றன. அவை மேடைகளின் கால்களை உரசிக்கொண்டே போகின்றன. ஒரே அடியில் உடைப்பதில்லை; வருஷா வருஷம் நீர்மட்டம் தொடும் அதே இடத்தில் தேய்க்கின்றன. கான்கிரீட் என்றால் முதலில் மேல்பூச்சு போகும், அப்புறம் உள்ளே இருக்கும் ஜல்லி தெரியும், கடைசியில் ஜல்லியே உதிரும். பனி விலகியதும் ஒரு படகு போய்ப் படம் எடுக்கும். அதைப் பார்த்து நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் 'நல்லது', 'தேய்மானம்', 'ஆபத்து' என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். 'நல்லது' என்று எழுதினால் படகுக்காரர்கள் அந்தக் காலில் பொருத்தியிருக்கும் இரும்பு ஏணியில் ஏறி வேலை பார்ப்பார்கள். மற்றவற்றின் அருகிலேயே போகமாட்டார்கள்.

"நான் பனியை ஃபலூடாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்" என்று உண்மையைச் சொன்னேன். கோ மின் முகம் மலர்ந்தது. பர்மிய வழக்கப்படி என்னை மாமா முறை வைத்து 'ஊலே' என்றுதான் கூப்பிடுவார். "பரவாயில்லை ஊலே, நிஜப் பனியைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஐந்து மாடி ஏறி வரமாட்டார்கள்."

மேல்பாதி

எங்கள் பகுதிக்கு மின்சாரம் முறைவைத்து வரும். அந்த முறையும் வரும் என்று சொல்ல முடியாது. ஜெனரேட்டர் போட்டால் விளக்கு எரியும், இணையம் திணறும். சேர்ந்த புதிதில் ஒரு தூணின் படம் மேலிருந்து பாதிவரை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. பத்திரிகைக்காரனுக்குக் காலியாக விட்ட இடத்தைக் கண்டால் கை சும்மா இராது. 'மேல்பாதி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். நேரத்துக்கு முடித்துவிட்ட திருப்தியில் ஒரு டீயும் குடித்தேன்.

வாடிக்கையாளர் பக்கம் ஒரு பொறியாளர் அம்மா இருந்தார். கோபப்படவே தெரியாதவர், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். அவர் பதில் எழுதினார்: "நன்றி. மேல்பாதியைப் பனி தொடுவதில்லை. கீழ்ப்பாதி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்."

செய்முறைப் பயிற்சி

தேய்மானம் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்று கோ மின்னுக்கு ஒருநாள் தோன்றியது. அது ஏப்ரல் மாதம். மீன் சந்தைக்குப் போகும் ஐஸ் கட்டி ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தோம். மூன்றாம் மாடியில் அது இளைக்கத் தொடங்கியது. ஐந்தாம் மாடியில் சாக்குதான் கனத்தது.

இருந்ததைப் பால்கனியில் வைத்து, உடைந்த கான்கிரீட் துண்டின் மேல் மாறி மாறித் தேய்த்தோம். என்னுடன் வேலை செய்யும் செல்வி அதைப் படம்பிடித்தாள். கான்கிரீட் குளிர்ந்து, குளித்து, முன்னைவிட அழகாக ஆனது. தேய்ந்தது என் உள்ளங்கைதான். கடுங்குளிரில் பனி கல் மாதிரி இறுகியிருக்கும், கூடவே மணலையும் இழுத்து வரும், எங்கள் கட்டி மீனுக்கு மட்டும்தான் லாயக்கு என்று பொறியாளர் அம்மா பிறகு பொறுமையாக விளக்கினார். அதற்குள் நாலாம் மாடியில் குடியிருக்கும் டோ ஹ்லா என்ற அம்மா, காயப்போட்ட இடத்தில் எங்கள் ஐஸ் தண்ணீர் விழுந்து சொட்டச் சொட்ட நனைந்த துணிகளோடு மேலே வந்துவிட்டார். பெரியவர்களுக்குப் போடும் பர்மிய 'ஊ'வை என் பெயருக்கு முன் மரியாதையாகப் போட்டே கேட்டார்: "திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அடுத்த வாரம்தானே, ஊ ஞானம்? அதற்குள் என்ன அவசரம்?"

சிறப்பான பராமரிப்பு

செல்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரங்கூனின் வடக்கு ஓரத்து இன்சீன்காரி. தமிழைவிடப் பர்மியம்தான் அவளுக்கு வேகமாக வரும். கவலை வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். அவள் கணவர் மணிதான் அந்தக் குளிர்க்கடல் படகில் வேலை பார்ப்பவர். இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று அவளுக்குச் சொன்னதும் அவர்தான். நாங்கள் 'நல்லது' என்று எழுதும் ஏணிகளில் ஏறுகிறவரும் அவர்தான்.

பனி விலகியதும் எடுத்த புதுப் படங்கள் வந்தபோது இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரே மாதத்தில் சுவர் கறுக்கும், படிக்கட்டு பச்சையாகும், அலமாரியில் வைத்த செருப்புக்குப் பூஞ்சைத் தாடி முளைக்கும். கெட்டுப்போவது என்றால் எங்களுக்கு அழுக்காவது; சுத்தமாக இருந்தால் யாரோ கவனிக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ஆறாம் எண் காலின் படத்தைத் திறந்தேன். இரும்புத் தூண். மேலே பழைய பெயிண்ட், திட்டுத்திட்டாகத் துரு. நீர்மட்டத்தை ஒட்டி மட்டும் ஒட்டியாணம் கட்டியதுபோல் ஒரு பளபளப்பு. ஏணியின் கீழ்ப்படிகள் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தவை மாதிரி மின்னின. 'நல்லது. சிறப்பான பராமரிப்பு' என்று எழுதினேன். 'சிறப்பான' என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தது. கோ மின் பார்த்தார், தலையாட்டினார். அறிக்கை போயிற்று. மறுநாள் முதல் 'நல்லது' கால்களில் வேலை தொடங்கும் என்று பதிலும் வந்தது.

செல்வி அந்தப் படத்தை நெடுநேரம் ரசித்தாள். "இங்கே இருக்கும்போது ஒரு தட்டைக் கழுவி வச்சதில்லை அண்ணே, அங்கே போய் ஏணியைத் தேய்ச்சு வச்சிருக்காரு பாருங்க."

கைப்பிடி

மறுநாள் மத்தியானமே மின்சாரம் போய்விட்டது. செல்வியும் நானும் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பழைய பெட்டி, நல்ல கூட்டம். எனக்குக் கிடைத்தது வாசல். பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி. அதன் மேலும் கீழும் பெயிண்டும் துருவும் தடித்துக் கிடந்தன. எல்லோரும் பிடிக்கிற நடுப்பகுதி மட்டும் வெள்ளியாக மின்னியது. அங்கே கம்பி இளைத்தும் இருந்தது. அந்தக் கம்பியை ரயில்வேயில் யாரும் துடைத்து வைக்கவில்லை என்பதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

பல வருஷமாகப் பலர் கை பட்டு அது தேய்ந்திருந்தது. ஆறாம் எண் காலில் உரசியது பனி. துருவைப் பனி சுரண்டுகிறது. சுரண்டிய இடம் கோடையில் மறுபடி துருப்பிடிக்கிறது. அடுத்த பனி அதையும் கொண்டுபோகிறது. மிஞ்சுவதுதான் மின்னுகிறது. இதைச் செல்வியிடம் சொல்ல வாயெடுத்தேன். என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள். கம்பியை ஒருமுறை விரலால் சுற்றிப் பிடித்தாள். அவள் பேசியது தமிழ். "அண்ணே, அவரு இன்னைக்கு எந்தக் கால்ல ஏறுறாரு?"

திருத்தம்

அடுத்த நிலையத்தில் இறங்கினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை, அதாவது வேலை தொடங்கும் நேரம். மணியின் போன் மணியடிக்கவேயில்லை. பொறியாளர் அம்மாவுக்கு நான் போட்ட அழைப்பு அறுந்தது, ஒட்டியது, மறுபடி அறுந்தது. ஒருவழியாக அவர் குரல் கேட்டதும், எங்கள் ஊர் மழையில் தொடங்கி ரயில் கைப்பிடிவரை ஒரு தலையங்கமே ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தேன். அவர் நடுவில் வெட்டினார்: "எந்தக் கால்?" ஆறு என்றேன். போனை வைத்துவிட்டார்.

எங்கள் ரயில்கள் வந்தன, போயின. செல்வி மறுபடி மறுபடி கணவரின் எண்ணை அழுத்தினாள். அழுத்தாத நேரத்தில் என்னைப் பார்த்தாள். அது இன்னும் மோசம். 'சிறப்பான' என்ற அந்தச் சொல்லை எந்த ரப்பரால் அழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் கையிலேயே போன் அடித்தது. கேட்டாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், பர்மியத்தில் மூச்சுவிடாமல் திட்டத் தொடங்கினாள். மணி பிழைத்திருக்கிறார் என்று எனக்கு அதில்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். படகு தூணை நெருங்கிவிட்டது. மணி இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டி, ஏணிக்குக் கை நீட்டும்போது ரேடியோவில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று பார்க்க, படகில் இருந்த ஒருவர் கொக்கிக் கழியால் கீழ்ப்படியை லேசாகத் தட்டியிருக்கிறார். அது கழன்று கடலுக்குள் போய்விட்டது. செல்வி போனை என் காதில் வைத்தாள். மணி சொன்னார்: "அண்ணே, நீங்க எழுதினதை நானும் படிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, விழும்போதும் பளபளன்னுதான் விழுந்துச்சு."

செய்தித்தாளில் தவறு செய்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இந்தத் தொழிலில் மறுநாள் வருவதற்குள் யாராவது அதில் ஏறிவிடுகிறார்கள்.