தயாளனின் ஐந்து ரோஜாச் செடிகள்

தயாளன் முப்பத்தொரு வருஷம் பினாங்கு துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். போன வருஷம் இருதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஜெலுத்தோங்கில் இருக்கும் பிளாட்டுக்குத் திரும்பியபோது, ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டன் கணக்கில் தூக்கி இறக்கிய மனிதருக்கு இதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்? கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மூன்றாவது மாடி வராந்தாவில் ரோஜா வளர்க்க ஆரம்பித்தார்.

முதல் செடியை வாங்கி வந்த அன்றே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். இது தழைத்தால் நானும் பிழைத்துக்கொள்வேன். யூனியன் கூட்டங்களில் ஜோசியக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர் அவர். ஆனால் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு, எதைப் பிடித்துக்கொள்வது என்று ஆளுக்குத் தெரிவதில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் மனைவி குமுதாவிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆறாவது வாரம் அந்தச் செடி செத்தது. இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோல் கருகி, பிறகு கிளை கிளையாகக் காய்ந்தது. இரண்டாவதும் அப்படியே போனது. வெயில்தான் காரணம் என்று மூன்றாவதை நிழலுக்கு நகர்த்தினார். அதுவும் போனது. கடல் காற்றைத் திட்டினார். ஆனால் நான்கு வீடு தள்ளி லெட்சுமி வீட்டு ரோஜா அதே காற்றில் பூத்துக் குலுங்கியது. நான்காவது செடி செத்த வாரம் இன்ஷூரன்ஸ் காகிதங்களையெல்லாம் ஒரே பையில் போட்டு, இது இங்கே இருக்கிறது என்று குமுதாவிடம் காட்டினார். அவள் முகம் வெளிறியது.

ஐந்தாவது செடியின் இலை ஓரம் பழுப்பேறிய வெள்ளிக்கிழமை காலை, தொட்டி மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார். செடிக்கடை வைத்திருக்கும் ஷாஹிரா அந்த மண்ணை விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, உப்புத் தண்ணியா ஊத்துறீங்க?"

தனக்கென்ன பைத்தியமா என்று தயாளன் சீறினார். அவள் அசரவில்லை. மண்ணில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்புதான், அதுதான் வேரைத் தின்கிறது, தொட்டி அடியில் வழிந்தோடும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. டாக்டர் உத்தரவால் வீட்டுக் குழம்பில் உப்பே கிடையாது. ஆனாலும் குமுதா மாதம் தவறாமல் கல்லுப்புப் பாக்கெட் வாங்கி வருகிறாள்.

அன்று சாயங்காலம் மாத்திரை போட்டுக்கொண்டு, வழக்கம்போல் டிவி முன்னால் கண்ணை மூடினார். தூங்கவில்லை. சற்று நேரத்தில் தலைக்கு மேலே மூடிய கை ஒன்று மூன்று முறை சுற்றுவது இமை இடுக்கில் தெரிந்தது. ஊர்க் கண்ணெல்லாம் போகட்டும் என்று குமுதா முணுமுணுத்தாள். பிறகு கதவு திறந்தது. அவர் பின்னாலேயே போனார். சுற்றிய உப்பை ஒரு கிண்ணத் தண்ணீரில் கரைத்து அவள் ஐந்தாவது தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

குமுதா திடுக்கிட்டுத் திரும்பினாள். விழித்திருந்தால் கிண்டல் பண்ணுவீர்கள் என்றுதான் தூங்கும்போது சுற்றினேன் என்றாள். திருஷ்டி கழித்த உப்பைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். இந்த பிளாட்டில் பூத்தொட்டியைத் தவிரக் கால்படாத இடம் எங்கே இருக்கிறது? செவ்வாய், வெள்ளி என்றுதான் தொடங்கினாள். செடி சாகச் சாக இவர் முகம் சுருங்கியது. கண்ணேறு கடுமையாகத்தான் இருக்கிறது என்று பயந்து ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, உப்பையும் கூட்டினாள்.

ஷாஹிரா சொன்னதை அவர் சொன்னதும் குமுதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்தான் எல்லாத்தையும் கொன்னேனா?"

தயாளனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தார். பக்கத்திலேயே இன்னொருத்தியும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். மெதுவாக அவளருகே உட்கார்ந்து, முதல் செடியோடு போட்ட முடிச்சைச் சொன்னார். கேட்டு முடித்த குமுதா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, ஒரு செடிகூடச் செத்திருக்காதுலா."

நீ மட்டும் சொன்னாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் எழுந்து போய் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். தூக்க முடியாத தயாளன் குவளையால் மொண்டு மொண்டு மண்ணை அலசினார். பிழைக்குமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குமுதா உப்பு டப்பாவைத் தொடவே இல்லை. தயாளன் டிவியை அணைத்தார். நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்.

"உப்ப எடுத்துட்டு வா, குமுதா. தண்ணிய கீழ சாக்கடையில ஊத்திக்கலாம். சுத்து, எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்லா," என்று சொல்லி, அவள் கை நிறைய அள்ளினாள்.