கொப்பியடிக்கும் உரிமை

எங்களிடம் வழக்கைக் கொடுத்திருந்த தீவு நாட்டின் அமைச்சு அதிகாரி முதன்முறை டுசல்டோர்ஃபில் எங்கள் சட்ட அலுவலகத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு மீன் டின் கொண்டுவந்து தந்தார். பெரிய நாடொன்று தன் துறைமுகங்களில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பிய மீன் அது. லேபிள் சரியில்லை என்பது சாட்டு. சொந்த மீன் கம்பனிகளைக் காப்பாற்றுவதே நோக்கம். நான் என் டின்னை மேசை லாச்சிக்குள் போட்டேன். அக்கா அன்று மதியமே தன்னுடையதை உடைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டு, அந்த அதிகாரியோடு பாணில் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு அந்த அதிகாரி எந்தச் சந்தேகமென்றாலும் அக்காவையே கேட்டார். எனக்கு எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தவர், எங்கள் சட்ட அலுவலகத்தில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். பரீட்சையில் என் புள்ளிகள்தான் கூட. இதை நான் யாரும் கேட்காமலே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

உலக வர்த்தக அமைப்பில் போட்ட வழக்கில் தீவு வென்றது. பெரிய நாடு தீர்ப்பை மரியாதையாக வரவேற்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தது. உலக வர்த்தகச் சட்டத்தில் இப்படி நடந்தால் வென்றவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரே ஓர் ஆயுதம்: தோற்றவரின் பொருள்களுக்கு வரியை ஏற்றலாம். ஆனால் அந்தத் தீவு பெரிய நாட்டிடம் வாங்குவது கோதுமை மாவும் மருந்தும். வரி ஏற்றினால் அடி யாருக்கு? இதைப்பற்றித்தான் கன்ரீனில் அக்கா குழம்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"குளத்தோட கோவிச்சுக்கொண்டு கால் கழுவாமல் விட்ட கதைதான் அக்கா. வேணுமெண்டால் அவையின்ரை படத்தையும் பாட்டையும் கொப்பியடிச்சு வித்துப் பிழைக்கச் சொல்லுங்கோ."

நக்கலுக்குத்தான் சொன்னேன். அக்கா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லும்" என்றார்.

இரண்டு கிழமைகளில் இருபது பக்கங்கள் எழுதிவிட்டார். பெரிய நாட்டின் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் கொடுத்துவரும் சட்டப் பாதுகாப்பைத் தீவு நிறுத்திவைக்க ஜெனீவாவில் அந்த அமைப்பிடம் அனுமதி கேட்பதுதான் விசயம். தீவுக்கு அதனால் நட்டமில்லை, பெரிய நாட்டுக்கு நன்றாக நோகும். எங்கள் அலுவலகத்தில் எந்த வரைவின் அடியிலும் எழுதியவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடவேண்டும். போட்டால் புகழும் உங்களுடையது, ஏச்சும் உங்களுடையது. அக்கா தன் எழுத்துகளைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

"உம்மடை எழுத்தையும் போடும். யோசினை உம்மடையது."

அந்த இலையுதிர் காலத்தில்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று முடிவு செய்ய இருந்தார்கள். எங்கள் தலைவருக்கு விளையாட்டுத்தனம் ஆகாது. "இல்லை அக்கா, எனக்கு இதிலை பங்கில்லை" என்றேன். மறுநாள் தலைவர் இருவரையும் கூப்பிட்டு, இது யாருடைய யோசனை என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தபடி, அவருடையது என்றேன். ஏச்சு முழுவதும் அவர் தலையில் விழட்டும் என்றுதான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியானால் ஜெனீவாவில் நீங்களே பேசுங்கள்" என்று அக்காவிடம் சொன்னார்.

ஜெனீவாவில் பேசவேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்தச் சட்டத்தையே படித்தேன். அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு ட்ராமுக்குப் போனதை நான்காம் மாடியில் நின்று பார்த்தேன். அனுமதி கிடைத்தது. அதைப் பயன்படுத்த முதலே பெரிய நாடு பேச்சுக்கு வந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. என் வேலையும் நிரந்தரமானது, அதைக் கொண்டாட மனம் வரவில்லை. ஹனோவரில் அம்மாவிடமும் கண்டவர்களிடமும், யோசனை என்னுடையது, அவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லித் திரிந்தேன். பல வருடங்கள் சொன்னதில் பாதி நானே நம்பிவிட்டேன்.

இந்த வசந்தத்தில் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் அக்கா பேசினார். என்னையும் அழைத்திருந்தார். மூன்றாம் வரிசையில் இருந்தேன். பேச்சின் நடுவில், அந்த யோசனை தன்னுடையதல்ல என்று சொல்லி என்னைக் காட்டினார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. இத்தனை வருடம் இதற்காகத்தானே ஏங்கினேன்? ஆனால் சந்தோசம் வரவில்லை. இவ்வளவு பெரிய பொருளை இவ்வளவு லேசாகத் தூக்கிக்கொடுக்க இவருக்கு எப்படி முடிகிறது என்ற பொறாமைதான் வந்தது.

ஒரு மாணவி கை உயர்த்தினாள். அந்த ஆவணத்தைத் தான் வாசித்திருப்பதாகவும், அதில் ஒருவருடைய எழுத்துகள் மட்டும் இருப்பது ஏன் என்றும் கேட்டாள்.

தலைவரின் அறையில் அன்று பார்த்தது போலவே அக்கா என்னைப் பார்த்தார். நான் இங்கேயும் யன்னலைத் தேடினேன். "அவர் அந்தக் கிழமை விடுமுறையில் இருந்தார்" என்றார், கண் கூடச் சிமிட்டாமல்.

நானும் தலையாட்டினேன். பொய்யைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார்.